‘எனக்கு தைராய்டு இருக்கு!’

சோம்பல், வயசு, கவலை என்று பல பெயர்களில் ஒளிந்துகொள்ளும் ஹார்மோன் குறைவு... ஒரு முழுமையான அலசல்

திருச்சி தில்லை நகர். காலை ஆறே முக்காலுக்கே அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. சித்திரை மாதம். முந்தைய நாள் சுவரில் ஏறிய வெக்கை இன்னும் இறங்கவில்லை. டோக்கன் கொடுக்கும் பெண், கையிலிருந்த அட்டையாலேயே முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து வந்தார். சேலைத் தலைப்பை இரண்டு தோளையும் மூடிப் போர்த்தியிருந்தார்.

“இந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்க முடியுமாங்க? குளிருது.”

மொத்த அறையும் திரும்பிப் பார்த்தது. சுகர் டெஸ்ட்டுக்காக வந்திருந்த ஐம்பது வயது அம்மா ஒருவர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. “தைராய்டாம்மா?” என்றார்.

“தெரியலக்கா. டாக்டர் பாத்துட்டு வரச் சொன்னாங்க.”

“அதாத்தான் இருக்கும். எனக்கு தைராய்டு இருக்கு. என் தங்கச்சிக்கு இருக்கு, நாத்தனாருக்கும் இருக்கு. ஒண்ணும் பயப்படாத, ஒரு மாத்திரைதான்.”

அவ்வளவுதான், ஒரு வருஷத்துக் கதை கொட்டத் தொடங்கியது. கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போதே பாதியில் படியில் உட்காரவேண்டியிருக்கிறது. போனில் பேசினால் ‘சளி பிடிச்சிருக்கா?’ என்று கேட்கிறார்கள். வளையல் கையைவிட்டுக் கழற வரவில்லை. மாதவிலக்கு எட்டு நாள், பத்து நாள் என்று இழுக்கிறது. களைப்புக்குச் சத்து மாத்திரை, முடி கொட்டுவதற்கு மூலிகை எண்ணெய், மலச்சிக்கலுக்குச் சூரணம், எடைக்குக் கொள்ளு ரசம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் நடந்திருக்கிறது. எதற்கும் அசையாத மிச்சத்துக்கு வீட்டில் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: “உடம்பு வளைய மாட்டேங்குது.”

இத்தனைக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம் என்று அந்த ஒரு வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரே சொல்லில் இரண்டு நோய்

‘எனக்கு தைராய்டு இருக்கு’ என்பது இன்று தமிழ்நாட்டு வீடுகளில் அன்றாட வாக்கியம். உண்மையில் அது எல்லோருக்கும் இருக்கிறது. அது ஒரு சுரப்பியின் பெயர். ‘சுகர் இருக்கு’, ‘பிரஷர் இருக்கு’ என்றும்தான் சொல்கிறோம். ஆனால், அங்கே அளவு கூடிவிட்டது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். தைராய்டில் அந்த வசதி கிடையாது. சுரப்பு குறைந்தாலும் கூடினாலும் நாம் சொல்வது ஒரே சொல். இரண்டுமோ எதிரெதிர் நோய்கள். குறைந்தவருக்குக் குளிரும், நாடி மெதுவாகும், எடை ஏறும். கூடியவருக்கு வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், எடை இறங்கும். ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்கு ஆபத்து. ‘நாத்தனாருக்கும் இதேதான்’ என்று மாத்திரையைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் எவ்வளவு தவறானது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இந்தக் கட்டுரை சுரப்பு குறைவதைப் பற்றியது. மருத்துவர்கள் ‘ஹைப்போதைராய்டிசம்’ என்கிறார்கள்.

கொடியடுப்பும் தாய் அடுப்பும்

முன்கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி பட்டாம்பூச்சி வடிவில் இருக்கிறது இந்தச் சுரப்பி. எடை இருபது கிராம் அளவுதான். உணவிலிருந்து வரும் அயோடினைப் பிடித்துவைத்து, நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட டி-4, மூன்று கொண்ட டி-3 என இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. பெருமளவு வெளிவருவது டி-4. கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி டி-3 ஆக்கிக்கொள்கின்றன. செல்லுக்குள் புகுந்து வேலை வாங்குவது இந்த டி-3தான். இதயம் எத்தனை வேகத்தில் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு நகர வேண்டும், உடம்பில் எவ்வளவு சூடு இருக்க வேண்டும், தோலும் முடியும் எப்படிப் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதில் எல்லாம் அதன் கை இருக்கிறது.

பழைய வீடுகளின் கொடியடுப்பை நினைத்துப் பாருங்கள். தாய் அடுப்பில் எரியும் தீதான் பக்கத்து அடுப்புக்கும் போகும். தாய் அடுப்பில் தீ தணிந்தால் சோறும் வேகாது, பக்கத்தில் வைத்த பாலும் காயாது. பாலைக் குறை சொல்லிப் பயனில்லை. தைராய்டு குறைவில் முடி, குடல், மனம், மாதவிலக்கு எல்லாம் சேர்ந்து மந்தமாவது இப்படித்தான்.

தீ ஏன் தணிகிறது? இன்று பெரியவர்களிடம் காணப்படும் குறைவுக்கு முக்கியக் காரணம், உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைப் பகையாகக் கருதித் தாக்குவது. 1912-ல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயரே அந்த நோய்க்கு. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு கூடுகிறது. ‘தங்கச்சிக்கும் இருக்கு’ என்று அந்த அம்மா சொன்னது தற்செயல் அல்ல. தைராய்டு அறுவை சிகிச்சை, கதிரியக்க அயோடின் சிகிச்சை, மனநலத்துக்கான லித்தியம், இதயத்துடிப்புக்கான அமியோடரோன் மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகலாம்.

பெட்டிச் செய்தி: உடம்பு சொல்லும் சேதிகள்

▪ தூங்கி எழுந்தும் தீராத களைப்பு
▪ மற்றவர்களுக்கு வியர்க்கும்போது நமக்குக் குளிர்வது
▪ முகம், கண் இமை உப்புவது, வறண்ட தோல்
▪ முடி கொட்டுவது. புருவத்தின் வெளி ஓரம் மெலிவது
▪ குரல் கரகரப்பது, பேச்சு மெதுவாவது
▪ மலச்சிக்கல்
▪ மாதவிலக்கில் அதிகப் போக்கு, ஒழுங்கின்மை, கருத்தரிப்பதில் தாமதம்
▪ தசைப்பிடிப்பு, விரல்கள் மரத்துப்போவது
▪ மறதி, மனச்சோர்வு
▪ நாடித்துடிப்பு குறைவது. காரணம் தெரியாமல் கொலஸ்ட்ரால் ஏறுவது

இவற்றில் ஒன்றிரண்டு யாருக்கும் இருக்கலாம். பல சேர்ந்து, மாதக்கணக்கில் நீடித்தால் பரிசோதனை அவசியம்.

பட்டங்கள் படுத்தும் பாடு

இந்த அறிகுறிகளில் ஒன்றுகூட தைராய்டுக்கு மட்டுமே உரியதில்லை. ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் தயாராக ஒரு விளக்கமும் இருக்கிறது. மருமகள் களைத்தால் சோம்பேறி. பிரசவம் ஆன பெண் அழுதால் ‘குழந்தையோட தூக்கமில்ல’. அம்மாவுக்கு மறந்தால் மாதவிடாய் நிற்கும் வயசு. தாத்தா பேச்சைக் குறைத்துக்கொண்டால் ‘எண்பது ஆச்சுல்ல’. பள்ளியில் மார்க் இறங்கி, உயரமும் கூடாத பிள்ளைக்கு ‘படிப்புல கவனமில்ல’. நோய் மெல்ல மெல்ல வருவதால், சம்பந்தப்பட்டவரே இந்தப் பட்டத்தை நம்பத் தொடங்கிவிடுகிறார். போன வருஷம் தான் எப்படி இருந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோகிறது.

சென்னை, பெங்களூரு, மும்பை, கொல்கத்தா உள்ளிட்ட 8 நகரங்களில் 5,376 பெரியவர்களிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய நூற்றுக்கு 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. பெண்களில் நூற்றுக்கு 16 பேர், ஆண்களில் 5 பேர். இதைவிடக் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று அதில் இருக்கிறது: குறைவு இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, சோதிக்கும்வரை அது தெரியவே தெரியாது. ‘இது பொம்பளைங்க நோய்’ என்று ஆண்கள் ஒதுங்குவதற்கும் இடமில்லை; நூற்றுக்கு ஐந்து சின்ன எண்ணிக்கை அல்ல.

தெரியாமல் இருப்பதற்கு விலை உண்டு. கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். இதயத்துக்குச் சுமை கூடும். குழந்தை இல்லை என்று கோயில் கோயிலாகப் போகும் தம்பதிக்கு, முதல் பரிசோதனைகளிலேயே பார்த்திருக்க வேண்டிய ஒன்று கடைசியில் தெரியவரும். மனச்சோர்வுக்கு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவருக்கு அடியில் இருந்தது சுரப்பிக் குறைவாக இருக்கலாம். முற்றிலும் கவனிக்காமல் விட்டால், அரிதாக, உடல் சூடு தாழ்ந்து நினைவிழக்கும் உயிராபத்து வரை போகும்.

எழுப்பும் குரல்

ரிசல்ட் தாளைக் கையில் வாங்கியதும் வருவது அடுத்த குழப்பம். ‘டிஎஸ்ஹெச் 38-னு கூடியிருக்கு. அப்போ எனக்கு தைராய்டு அதிகமா?’

இல்லை. டிஎஸ்ஹெச் தைராய்டில் சுரப்பதில்லை. மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. காலையில் பிள்ளையை எழுப்பும் அம்மாவின் குரல் மாதிரி. பிள்ளை முதல் அழைப்பில் எழுந்துவிட்டால் குரல் உயராது. அசையாமல் படுத்திருந்தால் குரல் ஏறிக்கொண்டே போகும், தெருவுக்கே கேட்கும். டிஎஸ்ஹெச் ஏறியிருக்கிறது என்றால் தைராய்டு எழுந்திருக்கவில்லை என்று பொருள். அந்த எண் தரைமட்டமாக இறங்கியிருந்தால், பெரும்பாலும் தைராய்டு தேவைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரியவர்களுக்கு டிஎஸ்ஹெச் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சிறிது மாறும். வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதும் உண்டு. டிஎஸ்ஹெச் கூடி, டி-4 குறைந்திருந்தால் நோய் உறுதி. டிஎஸ்ஹெச் சற்றே கூடி, டி-4 இயல்பாக இருந்தால் அது எல்லைக்கோட்டு நிலை. நம் ஊரில் நிறைய பேர் நிற்பது இந்தக் கோட்டில்தான். இவர்கள் எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படுவதில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி சோதித்து, வயது, அறிகுறி, கர்ப்பத் திட்டம், எதிர்ப்பொருள் பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். 65 வயதைத் தாண்டிய எல்லைக்கோட்டு நோயாளிகளிடம் ஐரோப்பாவில் நடத்தி 2017-ல் வெளியான பெரிய ஆய்வில், மாத்திரை கொடுத்ததால் களைப்பு உள்ளிட்ட அறிகுறிகளில் முன்னேற்றம் காணப்படவில்லை.

ஒரு வேடிக்கையும் உண்டு. முடி கொட்டுகிறது என்று பலர் வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில வகை ஆய்வகக் கருவிகளைக் குழப்பி டிஎஸ்ஹெச்சைத் தவறாகக் குறைத்துக் காட்டக்கூடும். முடி கொட்டியதற்கான காரணத்தை, முடிக்கான மாத்திரையே மறைத்துவிடும்! ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாட்களாவது முன்பே அதை நிறுத்துவது நல்லது.

பெட்டிச் செய்தி: ஆட்டுச் சுரப்பியில் தொடங்கியது

▪ 1873: லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்களிடம் வந்த முக உப்பல், மந்தம் ஆகியவற்றை ஒரு தனி நோயாக விவரித்தார்.
▪ 1891: இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண்ணுக்கு ஊசியாகச் செலுத்தினார். அவர் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.
▪ 1914: டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைத் தனியாகப் பிரித்தெடுத்தார்.
▪ 1927: பிரிட்டனில் சார்லஸ் ஹாரிங்டன் குழுவினர் அதை ஆய்வகத்திலேயே செய்து காட்டினர்.

அழாத சமத்துக் குழந்தை

தைராய்டு குறைவில் மிகப் பெரிய விலை கொடுப்பது இன்னும் பேசத் தெரியாத ஓர் உயிர். கருவில் இருக்கும் குழந்தைக்கு முதல் மூன்று மாதங்கள் சொந்தமாக ஹார்மோன் சுரக்காது. மூளை உருவாகும் அந்தக் காலத்தில் அது தாயின் டி-4-ஐ நம்பியே வளர்கிறது. அதனால்தான் கர்ப்பம் உறுதியானதும் மாத்திரை அளவைக் கால் பங்கு அளவுக்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ மருத்துவர்கள் கூட்டுகிறார்கள். நம் வீடுகளில் நடப்பது பல நேரம் தலைகீழ்: ‘மாசமா இருக்கும்போது எந்த மாத்திரையும் வேண்டாம்’ என்று இதையும் நிறுத்திவிடுகிறார்கள். குறைவு கவனிக்கப்படாவிட்டால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், ரத்த அழுத்தம் ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன.

சில குழந்தைகள் தைராய்டே இல்லாமலோ, அது சரியாக வேலை செய்யாமலோ பிறக்கின்றன. தாயிடமிருந்து வந்த ஹார்மோன் கொஞ்சம் மிச்சம் இருப்பதால், பிறந்தபோது வித்தியாசம் தெரியாது. பால் குடிக்கச் சுணங்கும், அதிகம் தூங்கும், மஞ்சள் காமாலை நீண்டுகொண்டே போகும், தொப்புள் பிதுங்கியிருக்கும். பார்க்க வருபவர்கள் ‘அழவே மாட்டேங்குது, சமத்து’ என்று கொஞ்சிவிட்டுப் போவார்கள். பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். முதல் இரண்டு வாரங்களில் சிகிச்சை தொடங்கிவிட்டால், பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிப்பார்கள். மாதங்கள் தள்ளிப்போனால் இழந்த அறிவுத்திறனை எந்த மருந்தாலும் திருப்பித் தர முடியாது. நம் நாட்டில் இந்தப் பரிசோதனை எல்லாப் பிரசவ வார்டுகளிலும் வழக்கமாக நடப்பதில்லை. பிறந்த குழந்தையின் ராசி நட்சத்திரம் கேட்பவர்கள், ‘குதிகால் டெஸ்ட் எடுத்தாச்சா?’ என்றும் கேட்கலாம்.

காபிக்கும் மாத்திரைக்கும் நடுவில்

சிகிச்சை எளிது: சுரப்பி தராத தைராக்ஸினை மாத்திரையாகத் தருவது. விலை குறைவு, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. முழுக் குறைவு உள்ள பெரியவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது ஒரு தோராயக் கணக்கு. முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25-ல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள்.

எளிதான இந்த மாத்திரை பல வீடுகளில் வேலை செய்யாமல் போவது சமையலறையில். எழுந்ததும் ஒரு கையில் மாத்திரை, மறு கையில் ஃபில்டர் காபி. காபி, தைராக்ஸின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளோ குடலிலேயே அதைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. டிஎஸ்ஹெச் இறங்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். குறை காபி டம்ளரில் இருக்கும்.

அடுத்த பொறி, காணொளிகளில் வரும் ‘நிரந்தரத் தீர்வு’. ‘மாத்திரையை நிறுத்திட்டு இந்தக் கஷாயம் குடிச்சேன், நல்லாத்தான் இருக்கேன்’ என்று ஒருவர் சொல்வது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. உடம்பில் இருக்கும் டி-4 பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால் நிறுத்திய சில வாரங்களுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. அந்த மிச்சத்தில் ஓடும் நாட்களைத்தான் கஷாயத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இதே காரணத்தால்தான் அளவை மாற்றியதும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் சோதிக்கச் சொல்கிறார்கள்.

பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் தைராய்டு அழற்சி தானாகவே சரியாவது உண்டு. ஆனால், நிறுத்தலாமா என்பதை முடிவுசெய்ய வேண்டியது மருத்துவரும் ரத்தப் பரிசோதனையும்.

பெட்டிச் செய்தி: மாத்திரை ஒழுக்கம்

▪ வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும்.
▪ காபி, டீ, டிபனுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு.
▪ இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி.
▪ பாட்டிலிலேயே, ஈரமும் வெயிலும் படாத இடத்தில்.
▪ பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை.
▪ அளவு நிலைத்த பிறகும் வருஷத்துக்கு ஒருமுறையாவது டிஎஸ்ஹெச்.

உப்பின் கதை

தைராய்டுக்கு மூலப்பொருள் அயோடின். அது மண்ணில் குறைந்த இமயமலை அடிவாரத்தில் முன்கழுத்துக் கழலை தலைமுறைகளாகத் தொடர்ந்தது. 1956-ல் இமாச்சலின் காங்க்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி.ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை வெகுவாகக் குறையும் என்று நிரூபித்தது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்காக விற்க நாடு முழுக்கத் தடை.

தூத்துக்குடியும் வேதாரண்யமும் உள்ள நம் மாநிலத்தின் கணக்கு இனிக்கவில்லை. 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பு பயன்படுத்திய வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவிகிதம் மட்டுமே. நாட்டிலேயே கடைசி இடம். உப்பளத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மூட்டைக் கல்லுப்பு எளிதாகக் கிடைக்கிறது. ‘கடலிலிருந்து வருவதுதானே, அயோடின் இருக்கும்’ என்ற நம்பிக்கை வேறு. சாதாரணக் கடலுப்பில் அது தேவையான அளவு இருப்பதில்லை, சேர்த்தால்தான் உண்டு. இப்போது ஆரோக்கியத்தின் பெயரால் சமையலறைக்கு வந்திருக்கும் இந்துப்புக்கும் இதே கதைதான்.

அதற்காக, தைராய்டு குறைந்தவர் உப்பைக் கூட்டினால் குணமாகும் என்று பொருளில்லை. எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை உப்பு நிறுத்தாது. அயோடின் அளவுக்கு மீறினால் தைராய்டு மேலும் தடுமாறலாம். முட்டைக்கோஸ், மரவள்ளிக்கிழங்கு, கம்பு ஆகியவற்றை ஒரேயடியாக விலக்கவும் தேவையில்லை. அயோடின் போதிய அளவில் கிடைப்பவர், வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம்.

எல்லாப் பழியும் கழுத்துக்கே

நோய் தெரியும்வரை யாரும் தைராய்டைச் சந்தேகிப்பதில்லை. தெரிந்த பிறகோ எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறோம். பதினைந்து கிலோ கூடியதற்கும் தைராய்டு, கோபத்துக்கும் தைராய்டு. இந்தக் குறைவால் கூடும் எடை பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோ. அதிலும் பெரும்பகுதி உடம்பில் தேங்கும் உப்பும் நீரும்தான். மாத்திரை சரியாகி, டிஎஸ்ஹெச் இயல்புக்கு வந்த பிறகும் களைப்பு இருந்தால், ரத்தசோகை, தூக்கக் குறைவு, வைட்டமின் பி12, சர்க்கரை, மனச்சோர்வு என்று வேறு பக்கம் தேட வேண்டும். எடை குறைய வேண்டும் என்று தாமாகவே மாத்திரையைக் கூட்டிக்கொள்பவர்கள், இதயத்துடிப்பு தாறுமாறாவதையும் எலும்பு தேய்வதையும் விலைக்கு வாங்குகிறார்கள்.

இரண்டு தவறுக்கும் வேர் அந்த ஒற்றைச் சொல்தான். குறைவா, கூடுதலா? டிஎஸ்ஹெச் எத்தனை? மாத்திரை எத்தனை மைக்ரோகிராம்? கடைசியாகப் பார்த்தது எப்போது? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தவரிடம் நோய் வாலாட்டாது.

தில்லை நகர் பெண் இரண்டு மாதம் கழித்து, ஆனி பிறந்த பிறகு, மறுபடி வந்தார். சேலைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. சுகர் பார்க்கும் அந்த அக்காவும் வந்திருந்தார். அன்றைக்கே போன் நம்பர் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன சொன்னாங்கம்மா, தைராய்டுதானே?”

“சுரப்பு கம்மிக்கா. முதல்ல டிஎஸ்ஹெச் 38. இப்போ 75 எம்சிஜி போடுறேன், ஏழு வாரம் ஆச்சு, இன்னைக்குத் திரும்பப் பாக்கணும். உங்களுக்கு எவ்வளவுக்கா?”

அக்கா யோசித்தார். “எனக்கா... காலைல காபியோட ஒண்ணு போடுவேன். பச்சை மூடி பாட்டில். டெஸ்ட்டு, பேத்தி பொறந்தப்போ எடுத்தது.”

“பேத்திக்கு என்ன வயசுக்கா?”

“ஒண்ணாவது போறா.” சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து போய் மேஜையில் இருந்த பெண்ணிடம் சொன்னார்: “பாப்பா, சுகரோட அந்த டிஎஸ்ஹெச்சையும் சேத்து எழுதிக்க.”